எல்லைக் கடைவீதிக்கு எந்தக் கேமரா?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் உண்டு. ரேஷன் கார்டு கேரளத்தைச் சேர்ந்தது. பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் பாதிக்குமேல் தமிழ்நாட்டில் இருக்கின்றன. காலையில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவதற்குள் மாநில எல்லையை இரண்டு முறை கடந்துவிடுகிறார். இந்த ஊர்க் கடைவீதியில் கண்காணிப்பு கேமரா வைப்பது பற்றிக் கடைக்காரர்களாகிய நாங்களும் வார்டு மெம்பரும் கூடிப் பேசி, மூன்று விதமான ஏற்பாடுகளுக்கு விலை கேட்டிருக்கிறோம்.

முதலாவது, சாலையையும் பேருந்து நிறுத்தத்தையும் வெறுமனே பதிந்து வைத்துக்கொள்ளும் சாதாரணக் கேமரா. இரண்டாவது, கேரளத்தின் சாலைகளில் 2023 முதல் நாம் பார்ப்பதைப் போல, வண்டியின் நம்பர் பிளேட்டைத் தானாகப் படித்துக்கொள்ளும் கேமரா. மூன்றாவது, நடந்துபோகிறவரின் முகத்தை ஒரு பட்டியலில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கேமரா. மூன்றுக்கும் இடையே விலை வித்தியாசம் நாங்கள் நினைத்திருந்த அளவுக்கு இல்லை. ஆகவே, வைப்பதுதான் வைக்கிறோம், உள்ளதில் பெரியதையே வைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அந்த முடிவு தவறு என்று நான் நினைக்கிறேன். காரணங்களைக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நான் அக்கறை கொள்வதற்கு, ஒரே கேமரா எங்கள் குடும்பத்தில் உண்டாக்கிய இரண்டு அனுபவங்கள் காரணம். 2021 மார்கழியில் ஒரு விடியற்காலை, என் மாமனார் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனபோது பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்தது. அவர் விழுந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில் ஒரு கடையின் கேமரா இருந்தது. ஆனால் அது கடையின் ஷட்டரைப் பார்த்தபடி இருந்தது, சாலையின் ஓரம் மட்டுமே அதில் விழும். ஆஸ்பத்திரி அலைச்சல் ஓய்ந்து ஒன்பதாம் நாள் நாங்கள் போய்க் கேட்டபோது, அந்த ஓரமும் இல்லை. பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிட்டிருந்தது. இடித்த வண்டி எது என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு நானே முன்னின்று, அந்தக் கேமராவைச் சாலைப் பக்கம் திருப்பச் சொன்னேன். கடைக்காரரும் மனமுவந்து திருப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, பொள்ளாச்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள், பேருந்துக்காக நின்றபடி உடன் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டிருந்த காட்சி அதில் பதிவானது. அந்தக் கேமராவைக் கைபேசியில் பார்க்கும் வசதி யார் யாரிடம் இருந்ததோ, அவர்களில் ஒருவர் அதைப் படமாக எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். "சித்தப்பா, நான் பஸ்ஸுக்குத்தானே நின்னேன்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை. கேமராவைத் திருப்பச் சொன்னவன் நான் என்பதால், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக இருக்கிறேன்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எத்தனை மெகாபிக்சல், எந்தக் கம்பெனி என்பவை ஒப்பிட வேண்டிய விஷயங்களே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கேமரா எதை நினைவில் வைக்கிறது, எத்தனை நாள் வைக்கிறது, அதை யார் எடுத்துப் பார்க்கலாம், தவறு நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற நான்கு கேள்விகளை வைத்துத்தான் இந்த மூன்று ஏற்பாடுகளையும் எடை போட வேண்டும்.

நடந்ததைப் பதியும் கேமரா

கேமரா இருந்தால் குற்றம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் உண்மை உண்டு, ஆனால் அளவோடுதான் உண்டு. நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து வெல்ஷ், பீசா, ஃபாரிங்டன் முதலிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அலசலில், கேமரா உள்ள இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். வண்டி நிறுத்தும் இடங்களில் பலன் மிகுதியாக இருந்தது. அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆள் உட்கார்ந்து நேரடியாகப் பார்க்கிற இடத்தில் பலன் கூடுதல் என்பதும் அந்த அலசலின் முடிவுகளில் ஒன்று. சினம் தலைக்கேறியவனையும் குடித்திருப்பவனையும் கேமரா தடுக்காது. நிறுத்தி வைத்த பைக்கைத் தள்ளிக்கொண்டு போக நினைப்பவனை அது ஓரளவு யோசிக்க வைக்கும்.

தடுப்பதைவிட, நடந்த பின் துப்புத் துலக்குவதில்தான் சாதாரணக் கேமராவின் மதிப்பு இருக்கிறது. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், காலை நேரத்தில், பலர் பார்த்திருக்க ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை என்பது எல்லோரையும் உலுக்கியது. காவல்துறை சுற்றுப்புறத் தெருக்களின் கேமராப் பதிவுகளைத் தேடித்தான் கொலையாளியின் உருவத்தைக் கண்டது. எங்களுக்குப் பக்கத்து நகரமான கோவையில், 2022 அக்டோபர் 23 அன்று உக்கடம் கோயில் அருகே கார் வெடித்த வழக்கிலும், முந்தைய இரவில் வீட்டிலிருந்து பொருள்களைத் தூக்கிச் செல்லும் ஆட்களைக் காட்டிய கேமராப் பதிவு விசாரணைக்குப் பயன்பட்டது. இந்த இரண்டிலும் பயன்பட்டவை முகத்தைத் தானாக அடையாளம் காணும் எந்திரங்கள் அல்ல. ஒரு வீட்டிலோ கடையிலோ மாட்டியிருந்த சாதாரணக் கேமராக்கள்தான் என்பதை மூன்றாவது ஏற்பாட்டை விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கேமராவை மாட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 2025 ஜூலையில் கண்ணூர் மத்திய சிறையிலிருந்து ஆயுள் கைதி ஒருவர் விடியுமுன் தப்பினார். சிறைக்குள் கேமராக்கள் இருந்தும் அவர் போனது பிறகுதான் தெரியவந்தது. அவரைத் தெருவில் கண்டு தகவல் சொன்னவர்கள் ஊர்க்காரர்கள், அன்றைக்கே ஒரு கிணற்றிலிருந்து அவர் பிடிபட்டார்.

எங்களுக்கு ஏற்பட்ட முதல் நஷ்டத்துக்கு, அதாவது ஒன்பதாம் நாள் பதிவு அழிந்துபோனதற்கு, காரணம் எளிய கணக்கு. நொடிக்கு நான்கு மெகாபிட் அளவில் பதியும் ஒரு கேமரா, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி இடம் எடுத்துக்கொள்ளும். அப்படி எட்டுக் கேமராக்களை டிவிஆர் என்ற ஒரு பதிவுப் பெட்டியில் இணைத்து 2 டிபி (ஏறத்தாழ 2,000 ஜிபி) ஹார்டு டிஸ்க் போட்டால், ஆறு நாள் பதிவைக்கூட முழுதாக வைத்திருக்க முடியாது. முப்பது நாள் வைக்க வேண்டுமென்றால் பத்து டிபிக்கு மேல் வேண்டும், அல்லது தரத்தைக் குறைக்க வேண்டும். விலைப்பட்டியலில் கேமராவின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும், டிஸ்கின் அளவு கடைசி வரியில் இருக்கும். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி வரிதான். இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க உரிய சான்றிதழ் வேண்டும். பதிவை யார் எடுத்தார், எந்தக் கருவியிலிருந்து எடுத்தார் என்பதற்கு ஒரு பொறுப்பாளர் இல்லாத கேமரா, நீதிமன்றப் படி ஏறும்போது தடுமாறும்.

இரண்டாவது நஷ்டத்துக்குக் காரணம் வேறு. கேமராவை நிறுவியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அது நாலைந்து பேர் கைபேசியில் இருந்தது. குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்த செய்தி 2025 பிப்ரவரியில் வெளியானபோது, விசாரணையில் தெரிந்ததும் இத்தகைய எளிய பாஸ்வேர்டு விஷயம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்துப் பரப்புவதையே குற்றமாக்குகிறது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்ணின் படத்தைப் பரப்பி அவள் படிப்பைக் கெடுத்தவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், எங்கள் கேமராவுக்கு நாங்களே எழுத்தில் விதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், முதல் ஏற்பாட்டின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அதன் குறைகள் எல்லாம் டிஸ்கையும் பாஸ்வேர்டையும் பொறுப்பாளரையும் ஒழுங்குபடுத்தினால் தீரக்கூடியவை. அதைவிட முக்கியமாக, அந்தக் கேமராவில் பதிந்த காட்சியில் ஒருவரைத் தேட வேண்டுமென்றால், ஒரு மனிதர் உட்கார்ந்து, நேரம் சொல்லி, ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பு. இன்ன தேதியில் இன்ன விபத்து என்று காரணம் இருந்தால்தான் அந்த உழைப்பை யாரும் மேற்கொள்வார்கள்.

வண்டியைப் படிக்கும் கேமரா

கேரள அரசு 2023 ஏப்ரல் 20 அன்று 'சேஃப் கேரளா' திட்டத்தின் கீழ் 726 கேமராக்களைத் தொடங்கி வைத்தது. அவற்றில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் போன்ற விதிமீறல்களைத் தாமே கண்டுபிடிப்பவை. ஜூன் 5 முதல் அபராதம் விதித்தார்கள். திட்டத்தின் செலவு பற்றிய அரசியல் சண்டையும் வழக்கும் வேறு கதை. ஆனால் நம் சாலைகளில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும் ஹெல்மெட் போடத் தொடங்கியதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த அளவில் அது உயிர் காக்கும் ஏற்பாடு.

அதே திட்டத்தில்தான், திருவனந்தபுரத்தில் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் வேறொரு பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிப் போன படம், வண்டி மனைவியின் பெயரில் இருந்ததால் அபராத அறிவிப்போடு மனைவிக்குப் போனது. வீட்டில் சண்டை மூண்டு, மனைவியை அடித்த வழக்கில் அவர் கைதானார். அடித்தது குற்றம், அதில் மாற்றுக் கருத்தில்லை. என்றாலும், ஹெல்மெட் அணியாததற்கு அபராதம் விதிக்கிற அதிகாரம், வண்டியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை மூன்றாமவருக்குக் காட்டுகிற அதிகாரமாகவும் ஆகிவிட்டது என்பதை நாம் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு வேலைக்கென்று எடுத்த படம் இன்னொரு வேலையைச் செய்துவிடுகிறது.

எல்லைப் பகுதிக்கு நம்பர் பிளேட் கேமராவால் தனிப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரளம் லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றதை எல்லோரும் அறிவோம். கழிவு லாரியும் ரேஷன் அரிசி லாரியும் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் போன்ற செக்போஸ்ட்டுகள் வழியாகத்தான் எங்கள் பகுதியில் பெரும்பாலும் எல்லையைத் தாண்டுகின்றன. அங்கே வண்டி எண்ணைப் படித்து வைப்பது நியாயமான காரியம். நம்பர் பிளேட் என்பதே பிறர் படிப்பதற்காகச் சட்டப்படி மாட்டப்படுவது. வண்டியை விற்றால் அந்த எண் நம்மை விட்டுப் போய்விடும். நம் முகத்தை நாம் அப்படி எதற்காகவும் மாட்டிக்கொண்டு நடக்கவில்லை.

ஆனால் இதைச் செய்ய வேண்டியவர்கள் செக்போஸ்ட்டில் இருக்கும் அரசு அதிகாரிகள். தினமும் பொள்ளாச்சிக்குப் போய்வரும் ஒருவரின் வண்டி எண்ணைக் கடைவீதியில் ஆறு மாதம் சேர்த்து வைத்தால், அவர் எந்த மருத்துவரிடம் எந்தக் கிழமை போகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதெல்லாம் அதிலிருந்து எடுத்துவிடலாம். கடைக்காரர்களாகிய எங்களுக்கு அந்தத் தகவல் தேவையில்லை. தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு பொருந்தாத எண்களை உடனுக்குடன் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, செக்போஸ்ட்டுக்கு மட்டும் அது போதும்.

முகத்தைத் தேடும் கேமரா

இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. முகத்தை அடையாளம் காணும் எந்திரம் நம்மைப் போல முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் தாடைக்கும் இடையிலான அமைப்பை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, இரண்டு எண் வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. தூரம் இன்ன அளவுக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிற எல்லையைத் தீர்மானிப்பவர் மனிதர். எல்லையைத் தளர்த்தினால் அப்பாவிகள் சிக்குவார்கள், இறுக்கினால் தேடப்படுகிறவர் நழுவுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் தவிர்க்கும் எல்லை கிடையாது. தில்லிக் காவல்துறை 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே பொருந்தியதாக எடுத்துக்கொள்வதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 2022இல் பதில் சொன்னது.

இதில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருமலையில் 2023 மார்ச் 1 முதல், இடைத்தரகர்களைத் தடுப்பதற்கென்று, அறை எடுப்பவர்களின் முகத்தைப் பதிந்து சரிபார்க்கும் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். அறை எடுத்தவரும் பணத்தைத் திரும்பப் பெற வருகிறவரும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பது அதன் வேலை. அங்கே கேமராவின் முன் நாமே போய் நிற்கிறோம், எதற்கு என்று தெரிந்து நிற்கிறோம். அதையும் நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் அது ஒருவரை அவருடைய படத்தோடு ஒப்பிடுவது. எங்கள் கடைவீதிக்குச் சொல்லப்படுவது, தெருவில் போகும் ஒவ்வொருவரையும் அவர் அறியாமலே, ஒரு பட்டியல் முழுவதோடும் ஒப்பிடுவது. இரண்டாவதில் பிழை பெருகும் விதமே வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் சந்திப்பில் ஒரு நாளைக்கு 5,000 முகங்கள் கடந்து போவதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் 1,000 பேர் படம் இருக்கட்டும். ஒரு முகத்தை ஒரு படத்தோடு ஒப்பிடும்போது லட்சத்தில் ஒரு முறைதான் எந்திரம் தவறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகமும் ஆயிரம் படங்களோடு ஒப்பிடப்படுவதால், ஒருவர் தவறாகச் சிக்குவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றாகிவிடுகிறது. அப்படியானால் நாளொன்றுக்கு 50 தவறான எச்சரிக்கைகள் வரும். உண்மையில் தேடப்படுகிற ஒருவர் எங்கள் கடைவீதியில் மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலே அதிகம். அவரைப் பிடிப்பதற்குள் ஆயிரத்து ஐநூறு எச்சரிக்கைகளை யாராவது தள்ளிவிட்டாக வேண்டும். அதைவிடக் கொடுமை, இந்தத் தவறு தற்செயலாக ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள்மேல் விழுவதில்லை. யாருடைய முக அமைப்பு பட்டியலில் உள்ள ஒருவரை ஒத்திருக்கிறதோ, அவர் ஒவ்வொரு நாளும் சிக்குவார். பால் கொண்டுபோகும் ஒருவர், தேங்காய் உரிக்கப் போகும் ஒருவர், தினமும் அதே இடத்தில் நிறுத்தப்படுவார்.

யார் அதிகம் சிக்குவார்கள் என்பதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பல மென்பொருள்கள் வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களைப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாகத் தவறிப் பொருத்தின என்று கண்டது. டெட்ராய்ட் நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர், கடிகாரத் திருட்டு வழக்கில் இப்படி ஒரு தவறான பொருத்தத்தை வைத்து 2020 ஜனவரியில் தம் வீட்டு வாசலில், குழந்தைகளின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார். எந்திரப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று அந்த நகரக் காவல்துறை ஒப்புக்கொள்ள 2024 ஆயிற்று. நம் ஊரில் வெயிலில் கருத்த முகங்கள், தலைப்பாகை, மம்பட்டி தோளில் சாய்த்ததால் பாதி மறைந்த முகங்கள். கேமராவோ தூணின் உச்சியில். எந்திரத்துக்கு இதைவிடக் கடினமான பாடம் அமையாது.

காணாமற்போன குழந்தைகளுக்காகவாவது இது வேண்டாமா என்று கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். இதுதான் எதிர்த் தரப்பின் வலுவான வாதம். இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2018 ஏப்ரலில் தில்லிக் காவல்துறை இந்தத் தொழில்நுட்பத்தைச் சோதித்து, நான்கு நாட்களில் 2,930 குழந்தைகளை அடையாளம் கண்டதாக அறிவித்தது. எண்ணி மகிழ வேண்டிய செய்தி. ஆனால் எப்படிக் கண்டார்கள் என்று பார்த்தால், காணாமற்போனதாகப் புகார் உள்ள குழந்தைகளின் படங்களை, காப்பகங்களில் உள்ள ஏறத்தாழ 45,000 குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். தெருக் கேமராவுக்கு அதில் வேலையே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் காவல்துறை சொன்னது. 2019இல் அது 1 சதவீதத்துக்கும் கீழே என்றும், ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் பிரித்தறியக்கூட அதற்கு இயலவில்லை என்றும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பிறகு அதே தொழில்நுட்பம் 2019 டிசம்பரில் போராட்டக் கூட்டங்களில் இருந்தவர்களைத் தேடப் பயன்பட்டதாகச் செய்திகள் வந்தன. குழந்தைகளுக்காக என்று வாங்கியது அப்படித் திரும்பிற்று. பழனித் தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய்க்கு, காப்பகப் படங்களோடு ஒப்பிடும் வசதியைக் காவல் நிலையத்தில் தந்தால் போதும். அதற்காக எங்கள் கடைவீதியில் போகும் எல்லோரையும் அளக்க வேண்டியதில்லை.

எல்லையோரத் தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருக்கிறது. பட்டியல் யாருடையது என்பதே அது. கேரளத்தில் வைக்கும் கேமராவில் தமிழ்நாட்டுப் பட்டியல் ஏறுமா, தமிழ்நாட்டில் தவறாகச் சேர்ந்த பெயரைக் கேரளத்தில் வசிப்பவர் யாரிடம் போய் நீக்கச் சொல்வார் என்பதற்கு விலைப்பட்டியல் கொண்டுவந்தவரிடம் பதிலில்லை. வடக்கே ஆந்திர எல்லையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். சிலரைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். தோற்றத்தைப் பார்த்துச் சந்தேகிக்கும் பழக்கம் எல்லைப் பாதைகளில் எந்திரம் வருவதற்கு முன்பே இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு எந்திரம் ஒரு சதவீத எண்ணைத் துணையாகக் கொடுத்துவிட்டால், நிறுத்தப்பட்டவர் "நான் அவன் இல்லை" என்று சொல்வதை யார் காது கொடுத்துக் கேட்பார்?

கசிவு பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்துக்குள் வெளியாள் நுழைந்து எடுத்த தகவல்கள் விற்பனைக்கு வந்ததாக 2024 மே மாதம் செய்தி வந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு களவு போனதே காரணம் என்றும் அந்தக் கணக்குக்கு வரையறுக்கப்பட்ட அனுமதியே இருந்தது என்றும் காவல்துறை விளக்கியது. ஒரு மாநிலத்தின் காவல்துறைக்கே இந்த நிலை என்றால், பாஸ்வேர்டை மாற்ற மறந்த எங்கள் கடைவீதி எம்மாத்திரம். பாஸ்வேர்டு போனால் புதிது வைத்துக்கொள்ளலாம். போன முகத்துக்கு மாற்று முகம் கிடையாது.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். முக அடையாளத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைதானவர்களிடம் எடுக்கும் அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். பிரிட்டனில், தெற்கு வேல்ஸ் காவல்துறை தெருவில் முகங்களை ஒப்பிட்டது சட்டப்படி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னதற்கு ஒரு முக்கியக் காரணம், யாரைப் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கேமரா வைப்பது என்பது அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியம், காவல்துறை பொது இடங்களில் உடனுக்குடன் முகம் தேடுவதை, சில விலக்குகள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. அந்த நாடுகளே நின்று யோசிக்கிற ஒன்றை, ஒரு கடைவீதிக் குழு யோசிக்காமல் வாங்கிவிடக் கூடாது.

கூட்டத்தில் நான் வைக்கப்போவது

முதல் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். கேமரா சாலையையும் சந்திப்பையும் பார்க்கட்டும்; எந்த வீட்டின் வாசலையும் பார்க்க வேண்டாம். சக்கிலியர் குடியிருப்புக்குப் போகும் வழியில் இரண்டு கேமரா கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை, அவை இரண்டும் கூடாது. பதிவு முப்பது நாள் நிற்கும் அளவுக்கு டிஸ்க் வேண்டும், அதன்பின் தானாக அழிய வேண்டும். கைபேசியில் பார்க்கும் வசதி யாருக்கும் வேண்டாம். டிவிஆர் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். திறக்க இருவர் சாவி வேண்டும், அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். காவல்துறை கேட்டால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி எழுத்தில் கேட்கட்டும், நாங்கள் எழுத்தில் கொடுப்போம். யார், எந்தத் தேதிப் பதிவை, எதற்காகப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டை ஊரில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

கேமரா பார்க்க வேண்டிய இடம் தெரு மட்டுமல்ல என்பதையும் சொல்லப்போகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்த வழக்கில், நிலையத்துக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து 18 மாதப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எளியவர் நிற்கிற தெருவில் நூறு கேமராவும், அவர் நிறுத்தி வைக்கப்படுகிற அறையில் ஓடாத கேமராவும் இருந்தால் அதைப் பொதுப் பாதுகாப்பு என்று நான் ஏற்கமாட்டேன். ஆகவே, பஞ்சாயத்து அனுப்பப்போகும் கோரிக்கையில், எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் செக்போஸ்ட்டுகளிலும் உள்ள கேமராக்கள் இன்று ஓடுகின்றனவா, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்ற கேள்வியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

அறிவிப்புப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும்: இங்கே கேமரா இருக்கிறது, முப்பது நாள் பதிவு, முகம் தேடும் வசதி இல்லை, பொறுப்பாளர் இன்னார். அந்தப் பலகையின் வாசகத்தை என் அண்ணன் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு சாவிகளில் ஒன்றை வைத்துக்கொள்ளவும் அவள் சம்மதித்திருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளும் வருகிறாள்.